வைஃபை போனால் டைமரும் போகுமா? பெட்டியின் மேலேயே எழுதுங்கள்

ஸ்மார்ட் சுவிட்ச் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வைஃபை இல்லாதபோது உங்கள் சுவிட்சில் அமைத்த டைமர் வேலை செய்யுமா, செய்யாதா? இதற்கான பதிலை அட்டைப்பெட்டியின் மேல் அச்சிடுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல். உங்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு முன்பே எழுதினேன். ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும், ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடவும்’ என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில் மறுபடி வந்தது. நான் ரூட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. ரூட்டர் இல்லாத நேரத்தில் உங்கள் பொருள் என்ன செய்யும் என்று கேட்டேன். தனியாகக் கேட்டுப் பதில் கிடைக்காததால் எல்லாரும் படிக்கும்படி கேட்கிறேன்.

என் பெற்றோர் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை இந்தச் சுவிட்சோடு இணைத்திருந்தோம். பெட்டியிலேயே மோட்டாரின் படம் அச்சிட்டிருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி. மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் வீட்டின் பின்புறம் வரை நடப்பது அவருக்குச் சிரமம். விடிகாலை ஐந்து மணிக்கு ஓடத் தொடங்கி இருபது நிமிடத்தில் நின்றுவிடும்படி டைமர் வைத்தோம். பல மாதங்கள் பிசகாமல் நடந்தது. அப்பா மோட்டாரைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டார். அதற்காகத்தானே வாங்கினோம்.

ஒரு நாள் ஐந்து மணிக்கு மோட்டார் வழக்கம்போல ஓடத் தொடங்கியது. சற்று நேரத்தில் இணையம் அறுந்தது. நிறுத்தச் சொல்லும் கட்டளை வரவேயில்லை. மேல்தொட்டி நிரம்பி வழிந்தது, கீழ்த்தொட்டி வற்றியது, அதன் பிறகும் மோட்டார் ஓடியது. நீரில்லாமல் ஓடும் பம்பில் உராய்வுச் சூட்டை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. தீய்ந்த வாடை வந்துதான் அம்மா எழுந்திருக்கிறார். அந்த இருட்டில், வழிந்த தண்ணீரில் கால் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்பா பின்புறம் போயிருக்கிறார். அவர் கை சுவிட்சைத் தொடுவதற்குள் மோட்டாரின் சுருள் கருகிவிட்டது. ஈரத் தரையில், மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்த இயந்திரத்தின் அருகில் எழுபது வயதைக் கடந்த ஒருவர் நின்றார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மோட்டாரை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

வேறு ஊரிலிருந்த என் கைப்பேசியில் உங்கள் செயலி என்ன காட்டியது தெரியுமா? ‘சாதனம் இணைப்பில் இல்லை’ என்ற ஒரே வரி. நேற்றுவரை இருந்த டைமர் பட்டியல் அப்படியே பச்சை நிறத்தில் ‘இயங்குகிறது’ என்று நின்றது. மோட்டார் ஓடுகிறதா, நின்றதா, இனி நிற்குமா என்று அறிய வழியே இல்லை.

இதன் காரணம் உங்களுக்குத் தெரியும். என்னைப் போல வாங்கியவர்களுக்குத்தான் தெரியாது. சில சுவிட்சுகளில் டைமர் சுவிட்சுக்குள்ளேயே பதிவாகிறது. வேறு சிலவற்றில் அது எங்கோ உள்ள சர்வரில், அதாவது இணையம் வழியாகச் சுவிட்சோடு பேசும் தொலைதூரக் கணினியில், இருக்கிறது; நேரம் வந்ததும் அங்கிருந்து ‘ஆன்’ என்றும் ‘ஆஃப்’ என்றும் தனித்தனியாகக் கட்டளை வருகிறது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்று. செயலியின் திரையிலும் ஒன்று. இணையம் நன்றாக இருக்கும்வரை நடப்பிலும் ஒன்று. ‘ஆன்’ வந்து சேர்ந்து ‘ஆஃப்’ வராமல் போகும் நாளில்தான் வேறுபாடு தெரிகிறது. விளக்கென்றால் விடியும்வரை எரிந்துவிட்டுப் போகட்டும். மோட்டாரும் ஹீட்டரும் அப்படியா?

இணையம் போவதிலேயே பல நிலைகள் உண்டு. ரூட்டர் எரிகிறது, வெளி இணைப்பு மட்டும் இல்லை. அல்லது ரூட்டரே அணைந்துவிட்டது, சுவிட்சுக்கு மின்சாரம் இருக்கிறது. டைமர் உள்ளே பதிவாகியிருந்தால் இந்த இரண்டு நிலையிலும் கவலை இல்லை. உள்ளிருக்கும் சில்லு தானே நேரத்தை எண்ணிக்கொள்ளும், நாளுக்கு ஓரிரு நொடி முன்பின் ஆகலாம், அவ்வளவுதான். உண்மையான சிக்கல் மின்வெட்டில் இருக்கிறது. பெரும்பாலான வைஃபை சுவிட்சுகளில் கடிகாரத்துக்கென்று தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் போனதும் நேரம் மறந்துவிடும். திரும்ப வந்ததும் இணையத்தின் நேரச் சர்வரைக் கேட்டுத்தான் மணி என்ன என்று தெரிந்துகொள்ளும். மின்சாரம் வந்து இணையம் வராவிட்டால், பல சில்லுகள் தங்கள் கணக்கின் தொடக்கமான 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணத் தொடங்கும், அல்லது நேரமே தெரியாமல் சும்மா இருக்கும். டைமர் உள்ளே பத்திரமாக இருந்தும் பயனில்லாமல் போகும். மின்வெட்டுக்குப் பின் ரூட்டர் மெதுவாக எழுவதும், வெளி இணைப்பு இன்னும் தாமதமாக வருவதும் எங்கும் நடப்பவைதானே?

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அல்ல. டிஎஸ்3231 போன்ற கடிகாரச் சில்லு ஒன்றும் நாணய அளவு பேட்டரி ஒன்றும் போதும்; அந்தச் சில்லு சாதாரண வெப்பநிலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குமேல் பிசகுவதில்லை. வைஃபை என்ற பெயரே வீடுகளுக்குள் வராத காலத்தில் விற்ற எண்முகப்பு டைமர்களில் சிறு பேட்டரி இருந்தது. மின்சாரம் போனாலும் அவற்றுக்கு மணி மறக்கவில்லை. டைமரைப் பதிந்துவைக்க இடமில்லை என்றும் நீங்கள் சொல்ல முடியாது. எந்தக் கிழமை, எத்தனை மணி, ‘ஆன்’ செய்வதா ‘ஆஃப்’ செய்வதா என்பதைக் குறிக்கச் சில பைட்டுகள் போதும். டாஸ்மோட்டா என்ற திறந்த மென்பொருள், இதே வகைச் சிறு சில்லுகளில், 16 டைமர்களைச் சுவிட்சுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகத் தருவதை, விலைக்கு விற்கும் நீங்கள் ஏன் தரக்கூடாது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் சுவிட்ச் எந்த நிலைக்கு வரும்? சில மாதிரிகள் கடைசியாக இருந்த நிலைக்குத் திரும்புகின்றன. மோட்டார் ஓடும்போது மின்சாரம் போய், நிறுத்தும் நேரம் கடந்த பிறகு வந்தால், ‘ஆன்’ நிலையிலேயே எழுந்து மறுநாள் வரை ஓடும். ‘ஆன் ஆனால் இத்தனை நிமிடத்தில் தானே ஆஃப் ஆகிவிடு’ என்ற வசதி சில சுவிட்சுகளில் உள்ளே இருக்கிறது. அதற்கு நேரமும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை, நிமிடங்களை எண்ணினால் போதும். அதை அமைப்புப் பக்கத்தின் அடியில், யாருக்கும் விளங்காத பெயரில் வைத்திருக்கிறீர்கள். அது முதல் திரையில் இருந்திருந்தால் அந்த மோட்டார் கருகியிருக்காது.

இவையெல்லாம் நாளை இணையம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பேசுபவை. சர்வரே போய்விட்டால்? ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை 299 டாலருக்கு வாங்கியவர்களுக்கு 2016 மே மாதம் அதன் சர்வர் நிறுத்தப்பட்டதும் அது வெறும் பெட்டியானது. 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. பிறகு அதன் பயனாளர்களில் சிலரே சேர்ந்து அதை வாங்கி உயிர்ப்பித்தார்கள். பெல்கின் நிறுவனம் வீமோ என்ற பெயரில் விற்ற தன் ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் பலவற்றுக்கான ஆதரவை 2026 ஜனவரி 31-உடன் முடித்துக்கொள்வதாக முன்கூட்டியே அறிவித்தது. அந்த அளவுக்காவது மரியாதை. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் இணையச் சேவை தடுமாறியபோது, வீட்டிலிருந்த, குரலுக்குப் பதில் சொல்லும் அலெக்சா கருவிகளில் வைத்த அலாரம் அடிக்கவில்லை என்று பலர் முறையிட்டார்கள். படுக்கை அருகே இருக்கும் ஒரு கருவி காலையில் மணி அடிப்பதற்குத் தொலைதூரத்துச் சர்வரின் தயவை எதிர்பார்த்திருக்கும் நிலையை உண்டாக்கியது யார்?

விளக்கைப் போடக் கணக்குத் திறக்க வேண்டும், தொலைபேசி எண் தர வேண்டும். சூரியன் மறையும்போது எரியச் சொன்னால், இருக்குமிடத்தை எப்போதும் தெரிவித்துக்கொண்டே இருக்க அனுமதி கேட்கிறீர்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி மூன்றும் இருந்தால் மறையும் நேரத்தைச் சில்லே கணக்கிட்டுவிடும், ஒருமுறை கேட்டால் போதும். வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால், பல சுவிட்சுகளின் அமைப்புகளை அழித்து அவற்றைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது; அதோடு டைமர்களும் அழிகின்றன. வாங்கியவர் சுவிட்சுக்குப் பணம் கொடுத்தபின்னும் அந்தச் சுவிட்ச் உங்களுடையதாகவே இருக்கிறது. இதை மாற்றுங்கள் என்று சொல்லும்போது குரல் உயர்ந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன்.

பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்தில் தெரியும்படி, மூன்று செய்திகளை அச்சிடுங்கள். இணையம் இல்லாமல் டைமர் இயங்குமா? மின்சாரம் போய் வந்தபின் இணையம் இல்லாவிட்டாலும் நேரம் நினைவிருக்குமா? சர்வரை எத்தனை ஆண்டு நடத்துவீர்கள்? வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்கள் ஒன்றோடொன்று இணைவதற்கான ‘மேட்டர்’ தரநிலையின் முத்திரை குத்தியிருக்கிறோமே என்று மட்டும் சொல்லாதீர்கள். 2022 அக்டோபரில் வந்த அந்தத் தரநிலை வீட்டுக்குள்ளேயே கட்டளை போய்ச் சேர வழிசெய்கிறது, நல்லதுதான். ஆனால் டைமர் சுவிட்சில் இருக்கிறதா, வீட்டிலுள்ள தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறதா, சர்வரில் இருக்கிறதா என்பதை முத்திரை சொல்வதில்லை. இப்படி அச்சிடச் சொல்வது முடியாத கோரிக்கையும் அல்ல. இணையத்தோடு இணையும் பொருள்களுக்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் எவ்வளவு காலம் வரும் என்று அறிவித்தே விற்க வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் இருக்கிறது. காலத்தைச் சொல்ல முடிகிறவர்கள், டைமர் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல முடியும்.

இனி செய்யப்போகும் சுவிட்சுகளில் டைமரைச் சுவிட்சுக்குள் வையுங்கள்; கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி கொடுங்கள். ஏற்கெனவே விற்றவற்றுக்கு, எந்த மாதிரியில் டைமர் உள்ளே இருக்கிறது, எதில் சர்வரில் இருக்கிறது என்ற பட்டியலை உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். சர்வரை நம்பியிருக்கும் மாதிரிகளில், மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் டைமர் வைக்கும்போது, ‘இணையம் அறுந்தால் இது நிற்காது’ என்று செயலி எச்சரிக்கட்டும். அந்த ஒரு வரியை எழுத உங்கள் பொறியாளருக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படாது.

என் பெற்றோர் வீட்டில் இப்போது வேறு மோட்டார் இருக்கிறது. உங்கள் சுவிட்சை அதில் இணைக்கவில்லை. அப்பா மறுபடி பின்புறம் நடக்கிறார். அந்தச் சுவிட்சைத் திரும்ப இணைக்கலாமா, கூடாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லாமல், மாதிரி வாரியாக, எழுத்தில் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பொருளை விலை கொடுத்து வாங்கிய ஒருவர்