விளம்பரத்தில் சொல்கிற அந்த மைலேஜ் எந்த ரோட்டில் கிடைக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மோட்டார் பக்கத்தில் ஒரு கட்டுரை படித்தேன். இப்போது கார் வாங்குபவர்கள் யாரும் மைலேஜ் கேட்பதில்லையாம். எஸ்யூவி என்கிற உயரமான வண்டியும் சன்ரூஃபும் இருந்தால் போதுமாம், ‘மார்க்கெட் டிமாண்ட்’ அதுதானாம். சின்ன கார் காலம் முடிந்துவிட்டதாம். எழுதியவர் எந்த ஊரில் விசாரித்தாரோ தெரியாது, எங்கள் பக்கம் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நான் வடசென்னை திருவொற்றியூர்க்காரன். தண்டையார்பேட்டையில் 31 வருடம் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் வண்டியைப் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?” இன்ஜின் எப்படி, அடிபட்ட வண்டியா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகு அந்தக் கேள்வி எங்கே போய்விடும்?

கார் பைத்தியம் என்று வீட்டில் என்னைச் சொல்வார்கள். அது அப்பா கொடுத்த சொத்து. அவர் எண்ணூர் லேலண்டில் ஃபிட்டர். அந்தக் கம்பெனி 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கியபோது அங்கே முதலில் பூட்டியது லாரி இல்லை, ஆஸ்டின் ஏ40 கார். 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது, அப்புறம் லாரி, பஸ் என்றே நிலைத்துவிட்டது. அப்பா வேலைக்குச் சேரும்போது கார் எல்லாம் முடிந்த கதை. அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதனால்தானோ என்னவோ, சோழவரத்தில் ரேஸ் நடக்கிறது என்றால் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. கோயம்புத்தூர் ரேஸ் வீரர் கரிவரதன் கார் நேர் ரோட்டில் போகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆகவே பெட்ரோல் குடிக்கிற வண்டி என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். குடிக்கட்டும். எவ்வளவு குடிப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் குடிக்கட்டும்.

அப்பா காலத்திலேயே இந்தப் பாடம் ஒரு முறை நடந்திருக்கிறது. 1985 வாக்கில் சென்னையின் தெற்குக் கோடியில் ஸ்டாண்டர்டு கம்பெனி ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு கார் கொண்டுவந்தது. பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. உள்ளே இருந்தது அந்தக் கம்பெனியின் பழைய வான்கார்டு கார் காலத்து 2 லிட்டர் இன்ஜின். “தாத்தாவுக்கு மாப்பிள்ளை கோட்டு போட்டிருக்கான்” என்றார் அப்பா. விலையும் அதிகம். மறுபக்கம் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 796 சிசி சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு 2000 சில வருடங்களிலேயே நின்றுபோனது. ஜனங்களுக்குப் பெரிய காரைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. பார்ப்பதற்குக் காசு ஆகாதே!

சரி, என் கணக்குக்கு வருகிறேன். 1998-லிருந்து நோட்டுப் போட்டு மைலேஜ் எழுதி வருகிறேன். டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல், ஒரே பங்க், முடிந்தவரை ஒரே குழாய். முதல் தடவை குழாய் நின்றதும் போதும் என்று சொல்லிவிட வேண்டும். “சார், ரவுண்டாப் போட்டுடவா?” என்பான் பையன், அங்கேதான் கணக்கு கெடும். டேஷ்போர்டில் காட்டுகிற நம்பரை நான் எழுதுவதில்லை. என் அனுபவத்தில் அது எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே பேசும்.

என்னிடம் இருந்த பழைய மாருதி 800, ஏசி இல்லாதது, ஊருக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததில்லை. எடை 650 கிலோதான், வேறு எப்படி இருக்கும்? இப்போது வைத்திருப்பது 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் ஒன்றுதான். வாங்கும்போது காகிதத்தில் இருந்த மைலேஜ் 18-க்குச் சற்று மேல். காலை 9 மணிக்கு விம்கோ நகரிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை, ஏசி போட்டுக்கொண்டு, ஒரு வாரம் ஓட்டி எழுதியது 10.4. அதே வண்டியை ஒரு நாள் விடிகாலை மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வெளிவட்டச் சாலையில் 70-ல் வைத்து ஓட்டினேன், 18.9 வந்தது. ஆக, கம்பெனி பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன மைலேஜ் உண்மையாகவே இருக்கிறது, அது வெளிவட்டச் சாலையில் விடிகாலை ஐந்து மணிக்கு இருக்கிறது.

விளம்பரத்தில் போடுகிற அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. வண்டி ரோட்டுக்கே வருவதில்லை. கட்டடத்துக்குள் ரோலர் மேல் சக்கரத்தை ஏற்றி, எப்போது கிளம்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். மொத்தம் 1180 விநாடி, அதாவது 20 நிமிடம்கூட இல்லை. வேகம் 90-ஐத் தாண்டாது. ஏசி போடுவதில்லை. சென்னையில் ஏசி போடாமல் மே மாதம் கார் ஓட்டுகிற ஒருவரை எனக்குக் காட்டுங்கள், அவருக்கு நானே பெட்ரோல் போடுகிறேன். இந்தச் சோதனை ஐரோப்பாவின் பழைய முறையை நம் நாட்டுக்காகக் கொஞ்சம் மாற்றியது. ரோட்டில் கிடைப்பதற்கும் காகிதத்துக்கும் இடைவெளி அதிகம் என்று ஐரோப்பாக்காரர்களே 2017, 2018-ல் அந்தப் பழைய முறையை விட்டுவிட்டு வேறு முறைக்குப் போய்விட்டார்கள். எங்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு டிரெய்லர் டிரெய்லராகக் கார் வருகிறது, கப்பல் ஏறிப் போகிறது. அந்தப் பக்கம் போய் இறங்குகிற ஊரில் ஒரு மைலேஜ், இங்கே ஷோரூமில் ஒரு மைலேஜ்.

எங்கள் ரோட்டுக்கு அட்டவணை எழுத வேண்டுமென்றால் யார் எழுதுவார்கள்? தேரடியில் முதல் கியர், டோல்கேட்டில் இரண்டாவது கியர், தண்டையார்பேட்டை வரும்வரை மூன்றாவது போட்டேன் என்றால் அன்றைக்கு ஏதோ பந்த். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டினால் டீ குடித்துவிட்டே வரலாம். எண்ணூர் விரைவுச் சாலை என்று பெயர் இருக்கிறதே என்று போனால், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கத்தையே குடித்தனம் எடுத்திருக்கும். கார் நகராமல் ஏசியோடு ஒரு மணி நேரம் நின்றால் முக்கால் லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் நடுவில் பெட்ரோல் போய்விடும். கிலோமீட்டர் பூஜ்யம்.

ஞாயிறு காலை கல்மண்டபம் பக்கம் ஒரு டீக்கடையில் எங்கள் கூட்டம் சேரும். ஆறேழு பேர். எல்லோருக்கும் கார் பைத்தியம், ஆளுக்கொரு சித்தாந்தம். டீசல் வைத்திருக்கும் பாய் இன்னும் துக்கத்திலிருந்து மீளவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசலையே நிறுத்தியதை, வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதிரி சொல்வார். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட்தான் வழி என்பார் ஒருவர், விலையைக் கேட்டால் டீ ஆறிவிட்டது என்று பேச்சை மாற்றுவார். எலெக்ட்ரிக் டாக்ஸி ஓட்டும் தம்பிக்குச் செலவு குறைவு, உண்மைதான். ஆனால் அவன் வீடு இருக்கும் சந்தில் கார் நுழையாது, மாடியிலிருந்து வயர் இழுக்கவும் வீட்டுக்காரர் விடவில்லை. மீன் லோடு எடுக்கும் இன்னொரு தம்பியுடையது எரிவாயுவில் ஓடும் சிஎன்ஜி வண்டி. பங்க்கில் வரிசை என்று திட்டிக்கொண்டே, மாதக் கடைசியில் மிச்சத்தை எண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிடுவான். இத்தனை சண்டையிலும், மைலேஜ் முக்கியமில்லை என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

அங்கே இப்போது அதிகம் அடிபடுவது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, தண்டையார்பேட்டையில் எண்ணெய் டேங்குகள் என்று பெட்ரோல் வாசனையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு இதில் ஒரு கருத்து இருக்காதா? எத்தனாலில் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே, இதற்கென்று வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று மதிப்பிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர், குழாய்களெல்லாம் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. என்னுடையது அதற்கு முந்தையது. 10.4 என்று எழுதிய அதே பாதையில் இப்போது 9.7. எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட மாட்டேன், வண்டிக்கும் வயதாகிறது, ஓட்டுகிற காலுக்கும் வயதாகிறது. ஆனால் விலை மட்டும் பழைய பெட்ரோல் விலைதான்.

இனி, ‘மார்க்கெட் டிமாண்ட்’ என்று உங்கள் கட்டுரை சொன்ன விஷயம். என் அக்கா மகன் மணலியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். மூன்று வருடத்துக்கு முன் சின்ன காருக்கு என்று பணம் சேர்த்துக்கொண்டு ஒரு ஷோரூமுக்குப் போனோம். டெஸ்ட் டிரைவுக்கு அந்த வண்டியே இல்லை. அவன் கேட்ட மாடலுக்கு, “பத்து வாரம் ஆகும் சார்.” பக்கத்தில் நின்ற உயரமான வண்டிக்கு, “நாளைக்கே டெலிவரி சார், மாதத் தவணையில் ரெண்டாயிரம்தான் கூட வரும்.” வீட்டில் வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டான். அந்த மாத விற்பனைக் கணக்கில் அவன் எஸ்யூவி விரும்புகிறவன் ஆகிவிட்டான். இப்போது என்னைப் பார்த்தால் மைலேஜ் பேச்சை எடுக்காமல் நழுவுகிறான்.

டிமாண்டில் பாதி வரி செய்த வேலை. 2006-லிருந்து 4 மீட்டருக்குள் அடங்கும், இன்ஜினும் சின்னதாக இருக்கும் காருக்கு வரி குறைவு. அதற்காகத்தான் பல கார்களின் டிக்கியைக் கத்தியால் சீவின மாதிரி செய்தார்கள். யாரும் போய், பின்பக்கம் வெட்டுப்பட்ட கார் வேண்டும் என்று கேட்கவில்லை. 2019-லிருந்து சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கிற ஏபிஎஸ், ஏர்பேக், அப்புறம் பிஎஸ்6 என்று ஒவ்வொன்றாக வந்து சின்ன கார் விலையும் ஏறியது. ஏர்பேக் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், வேண்டும். ஆனால் பைக்கிலிருந்து காருக்கு ஏறப் பார்த்தவன் படியிலேயே நின்றுவிட்டான். 2025 செப்டம்பர் 22-ல் சின்ன காருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதும், அந்தப் பண்டிகைக் காலத்தில் சின்ன கார் ஷோரூமில் கூட்டம் வந்ததே, அது எங்கிருந்து வந்தது? 2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற டாடா பஞ்சைத்தான் எல்லோரும் எஸ்யூவி காலத்துக்குச் சாட்சியாகச் சொல்கிறார்கள். அதை டேப் வைத்து அளந்து பாருங்கள். 4 மீட்டருக்குள், 1.2 லிட்டர் இன்ஜின், சிஎன்ஜியிலும் கிடைக்கும். உயரமாக நிற்கிற சின்ன கார் அது.

அந்த உயரத்தை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் என் வண்டியின் சீட் வரை தண்ணீர். 2023 டிசம்பரில் ஷெட் வாசலில் மட்டும் 14 கார், எல்லாம் தாழ்ந்த கார், இன்ஜினுக்குள் தண்ணீர். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை ஒவ்வொரு மழைக்கும் குளம். அதைப் பார்த்தவன் மைலேஜில் மூன்று கிலோமீட்டர் போனால் போகட்டும் என்று உயரமான வண்டி வாங்கினால், அவனுக்கு ஆசை என்று எழுதாதீர்கள். மழைநீர் வடிகால் சரியில்லாததற்கு அவன் மாதாமாதம் பெட்ரோலில் கட்டுகிற அபராதம் அது.

கார் கம்பெனிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வருடத்தில் விற்கும் எல்லாக் கார்களையும் சேர்த்துச் சராசரியாகக் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி. 2017-ல் 130 கிராம் அளவில் தொடங்கி, பின்னர் 113 ஆனது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனியின் கார்கள் சராசரியாகக் கனம் கூடினால் அதற்கான வரம்பும் கொஞ்சம் தளரும். எடையைக் குறைத்தவனுக்குக் கண்டிப்பு, கூட்டினவனுக்குச் சலுகை. மெக்கானிக் புத்திக்கு இது ஏறவே மாட்டேன் என்கிறது.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். புதுக் கார் வந்தால் உங்கள் நிருபர் மலைப் பாதையில் ஓட்டி, மேகத்துக்கு நடுவில் படம் எடுத்துப் போடுகிறார். போடட்டும். கூடவே ஒரு வரி, ‘விம்கோ நகர் முதல் பீச் ஸ்டேஷன் வரை, காலை 9 மணி, ஏசியுடன், லிட்டருக்கு இவ்வளவு’ என்று போடுங்கள். சுமார் 10 கிலோமீட்டர்தான், போய்த் திரும்பி ஐந்து நாள் ஓட்டினால் 100 கிலோமீட்டர் கணக்கு வந்துவிடும். வழி காட்டவும் டேங்க் ஃபுல் போடும்போது பக்கத்தில் நிற்கவும் நான் வருகிறேன், நோட்டும் பேனாவும் என்னுடையது. பெட்ரோல் மட்டும் உங்கள் கணக்கில்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
தேரடி, திருவொற்றியூர்.