ஏர் ஃபில்டரை ஊதி மாட்டாதீர்கள்: வேலூர் டாக்சி ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

காட்பாடி ரயில் நிலையத்து முன்னாலும், ஆற்காடு ரோட்டில் ஆஸ்பத்திரி வாசலிலும், புது பஸ் ஸ்டாண்டு பக்கமும் வண்டி போட்டிருக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பானெட்டைத் தூக்குகிறீர்கள். ஆயில் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்க்கிறீர்கள், கூலன்ட் அளவு பார்க்கிறீர்கள். பக்கத்திலேயே, எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியை மட்டும் அநேகமாக யாரும் திறப்பதில்லை. எப்போதாவது பஞ்சர் கடையில் அந்த ஃபில்டரைக் கழற்றி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரிலேயே ஏர் கன்னை மாட்டி ஊதி, "இன்னும் பத்தாயிரம் ஓடும்ணா" என்று திருப்பி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்தக் கம்ப்ரஸர் டாங்கியில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தம் நிற்கும். ஃபில்டர் என்பது மடித்து மடித்து வைத்த காகிதம். அந்த வேகத்தில் காற்று பட்டால் மடிப்பின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். வெளியே தூசி பறப்பதைப் பார்த்து சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம். உள்ளே ஃபில்டர் சல்லடையாகியிருக்கும். அழுக்கான ஃபில்டர் இழுவையைக் குறைக்கும், அவ்வளவுதான். ஓட்டை விழுந்த ஃபில்டர் எஞ்சினையே தின்றுவிடும்.

நம் ஊர்த் தூசி சாதாரணத் தூசி இல்லை. வறண்டு கிடக்கும் பாலாற்று மணல், ஜல்லி கிரஷர்களிலிருந்து வரும் கல்தூள், மூடாமல் போகும் எம்-சாண்ட் லாரிகள் கொட்டிக்கொண்டு போவது என்று எல்லாம் சேர்ந்த கலவை அது. மணலிலும் கல்தூளிலும் இருக்கும் குவார்ட்ஸ், கத்தி இரும்பையே கீறும் கடினம் கொண்டது. அது பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் புகுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல் தேய்க்கும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும், கடைசியில் ரிங் மாற்றும் வேலையில் போய் நிற்கும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வைத்த டீசல் வண்டியில் முதலில் அடிவாங்குவது டர்போவின் இறக்கைகள்.

எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று ஆகிறது. சென்னை ஏர்போர்ட்டுக்குப் போய்த் திரும்ப 15 லிட்டர் செலவானால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினொன்றை நிரப்பும் அளவுக்குக் காற்று அந்த ஒரு காகிதத்தின் வழியாகத்தான் போய்வந்திருக்கிறது.

ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளுக்கு அது பொருந்தாது. உள்ளே வரும் காற்றை சென்சார் அளந்து, அதற்கேற்றபடி பெட்ரோலைக் குறைத்துவிடும். 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அடைபட்ட ஃபில்டரோடு கார்களை ஓட்டிச் சோதித்தபோது, எரிபொருள் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை. பிக்கப்தான் குறைந்தது. மைலேஜ் அடிவாங்கியது பழைய கார்புரேட்டர் வண்டிகளில். எனவே மைலேஜை நம்பி மாற்றாதீர்கள், எஞ்சின் ஆயுளுக்காக மாற்றுங்கள். சிறிய பெட்ரோல் கார்களுக்குப் புது ஃபில்டர் 200-லிருந்து 500 ரூபாய்க்குள் கிடைக்கும்.

மாற்றும் வேலை பத்து நிமிடம். எஞ்சினை அணைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பு ஈரத்துணியால் அதன் மூடியையும் விளிம்பையும் நன்றாகத் துடையுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடியைத் தூக்கும்போது விளிம்பில் படிந்திருக்கும் மண் நேராக உள்ளேதான் விழும்.

மூடி சில வண்டிகளில் இரும்பு கிளிப்பில் நிற்கும், சிலதில் ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். கிளிப்பை விரலால் நெம்பினாலே போதும். ஸ்க்ரூடிரைவரை விட்டு எம்பினால், எஞ்சின் சூட்டில் காய்ந்துபோன பிளாஸ்டிக் கொக்கி உடையும். மூடி வராவிட்டால், அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். மூடியிலோ அதை ஒட்டிய குழாயிலோ சென்சார் ஒயர் இருந்தால் அதை இழுக்கக்கூடாது. சாவி ஆனில் இருக்கும்போது அந்த பிளக்கைக் கழற்றினால் செக் எஞ்சின் லைட் எரியத் தொடங்கும்.

பழைய ஃபில்டரைத் தூக்கும் முன்பு எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்ததும் எஞ்சின் பக்கம் போகும் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, பெட்டியின் அடிப்பகுதியைத் துடையுங்கள். வேப்பங்கொட்டை, காய்ந்த இலை, எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு எல்லாம் அங்கே கிடக்கும். தண்ணீர் வடிய அடியில் ஒரு சின்னத் துவாரம் வைத்திருப்பார்கள், அது அடைபட்டிருந்தால் குச்சியால் குத்தி விடுங்கள். அடைத்த துணியை மறக்காமல் எடுத்துவிடவேண்டும். அதை உள்ளே வைத்து ஸ்டார்ட் செய்தால் துணி எஞ்சினை நோக்கி இழுபட்டுவிடும்.

அடைத்த துணியை எடுத்ததும் அதே வாய்க்குள், வேறொரு வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டு ஒரு சுற்று துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. லேசான எண்ணெய்ப் பிசுக்கு வந்தாலும் பயம் வேண்டாம், அது எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக வருவது. ஆனால் சாம்பல் நிறத் தூள் ஒட்டி, இரண்டு விரல்களுக்கு நடுவில் நறநறவென்றால், தூசி ஃபில்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். காகிதத்தில் ஓட்டை, ரப்பர் விளிம்பு சரியாக உட்காராதது, ஹோஸில் வெடிப்பு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். ஹோஸை வளைத்து அதன் மடிப்புகளுக்குள் பாருங்கள். நீட்டிப் பார்த்தால் வெடிப்பு தெரியாது.

புது ஃபில்டரைப் பழையதின் மேல் வைத்து நீளம், அகலம், உயரம், ரப்பரின் தடிமன் நான்கையும் ஒப்பிடுங்கள். வண்டி பெயர் ஒன்றாக இருந்தாலும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும், வருடத்துக்கு வருடமும் அளவு மாறும். ரப்பர் இரண்டு மில்லி மெலிந்திருந்தாலும் மூடி அழுத்திப் பிடிக்காது. விளிம்பு முழுவதும் பள்ளத்தில் உட்கார்ந்ததை விரலால் ஒரு சுற்றுத் தடவி உறுதி செய்துவிட்டு, மூடியின் பின்பக்க நாக்குகளை முதலில் சொருகி, அப்புறம் கிளிப்பை மாட்டுங்கள். கிளிப் கஷ்டப்பட்டு விழுந்தால் ஃபில்டர் எங்கோ கோணலாக நிற்கிறது. அழுத்தாமல் திறந்து பாருங்கள்.

ஏ.சி. ஃபில்டர் வேறு, இது வேறு. பெரும்பாலும் டேஷ்போர்டில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பது பயணிகள் சுவாசிக்கும் காற்றுக்கானது. "ஃபில்டர் மாத்தியாச்சு" என்று பில்லில் இருந்தால் எந்த ஃபில்டர் என்று கேளுங்கள்.

எப்போது மாற்றுவது? பல கார்களின் கையேட்டில் 30,000 அல்லது 40,000 கிலோமீட்டர் என்றிருக்கும். தூசியான சாலையில் ஓடினால் முன்கூட்டியே மாற்றவும் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். பெங்களூர் ஹைவேயிலேயே ஓடும் வண்டிக்கு 20,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஒடுகத்தூர், அணைக்கட்டு உள்ரோடுகளிலும் கிரஷர் பக்கமும் அடிக்கடி போகும் வண்டிக்கு 10,000-த்தைத் தாண்டவிடாதீர்கள். அதற்காக வாரம் ஒருமுறை திறக்கவும் வேண்டாம். லேசாகத் தூசி படிந்த காகிதம் புதுக் காகிதத்தைவிட நன்றாக வடிகட்டும். மேல்பக்கம் கறுத்திருப்பதும் கணக்கில்லை. இரண்டு மடிப்புகளை விரலால் பிரித்துப் பாருங்கள், அடிவரைக்கும் தூசி அடைத்திருந்தால்தான் ஆயுள் முடிந்தது. நடுவில் ஒருமுறை தட்டிவைக்க நினைத்தால், தட்டையான பலகையில் மெதுவாகத் தட்டினால் போதும். தண்ணீரிலோ பெட்ரோலிலோ அலசக்கூடாது.

ஆயுத பூஜைக்கு வண்டியை வாட்டர் சர்வீஸ் விடும்போது, பிரஷர் பம்ப்பைக் காற்றுக் குழாயின் வாய்க்கு நேரே பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நனைந்த ஃபில்டர் காய்ந்தாலும் காகிதம் பழைய நிலைக்கு வராது, தூக்கிப்போட வேண்டியதுதான். அடுத்து வடகிழக்கு மழை வரும். பம்பருக்கு மேல் தண்ணீர் நின்ற இடத்தில் வண்டி அணைந்துவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் இந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அதோடு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஸ்டாண்டு சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் அதிகம் ஓடும் மூன்று நான்கு மாடல்களுக்கு ஃபில்டர்களை மொத்தமாக வாங்கி, ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் எல்லா வண்டிக்கும் சேர்ந்து மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் அந்தக் கறுப்புப் பெட்டியின் மூடியிலேயே வெள்ளை மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மெக்கானிக்