கோத்தகிரிச் சாலையில் ஏறி வா

மேட்டுப்பாளையம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு எழுத்து பெரிதாகிவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்கிறாய். எனக்கோ இத்தனை வருடத்தில் இப்போதுதான் உன் கையெழுத்தைத் தடுமாறாமல் படிக்க முடிகிறது. பேத்திக்கு வேலை கிடைத்த செய்தியைக் கமலாவிடம் சொன்னேன். அவள் தனியாக எழுதுவாள். இங்கே புதிதாக ஒன்றுமில்லை. என் முழங்கால் வலி மாடிப்படியைக் கண்டால் வருகிறது, நாற்காலியைக் கண்டால் போய்விடுகிறது.

மே மாதம் எல்லோருமாக ஊட்டிக்கு வருவதாகவும், "கோத்தகிரி வழி வீண் சுற்று, குன்னூர் வழியே ஏறிவிடுகிறோம்" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை அவசரமாகப் பதில் எழுதுகிறேன்.

சுற்று என்பது உண்மைதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடும். ஆனால் மே மாதம் நீ விரும்பினாலும் அந்த வழியே ஏற விடமாட்டார்கள். கோடைச் சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகள் குன்னூர் வழியே ஏற வேண்டும், இறங்குபவை கோத்தகிரி வழியே இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதனால் வெளியூர்க்காரர்கள் பலருக்கு அது வெறும் திரும்பும் சாலை. பிள்ளைகள் தூங்கிவிட்டிருப்பார்கள், பெரியவர்களுக்கு வயிற்றைப் புரட்டும், டிரைவருக்குக் கண் முழுக்கப் பிரேக்கின் மேல் இருக்கும். அந்த நிலையில் பார்த்துவிட்டு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் முதலில் போட்ட வழி இந்தப் பக்கம்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் சிறுமுகையிலிருந்து புறப்பட்டு மலையேறினார். அப்போது ஊட்டி என்ற ஊரே அவர் கணக்கில் இல்லை. முதலில் வீடு கட்டியது கோத்தகிரிக்கு அருகில். கன்னேரிமுக்கில் அவர் நினைவகம் இருக்கிறது, பார்க்க வேண்டிய இடம். பிறகு 1821 முதல் 1823 வரை மெக்பெர்சன் என்ற லெப்டினன்ட் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குக் குதிரை போகும்படி ஒரு பாதை வெட்டினார். சில ஆண்டுகளுக்கு மலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போனார்கள்.

அதைக் கவிழ்த்தது குன்னூர். சென்னை கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1832 வாக்கில், குன்னூர் வழிப் பாதை முடிந்தது. ஊட்டிக்கு அது கிட்டம் என்பதால் போக்குவரத்து அந்தப் பக்கம் போய்விட்டது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது, 1899இல் குன்னூர் வரை மலைரயில், 1908இல் ஊட்டி வரை. எல்லாம் அந்தப் பக்கமே. நாம் இன்று போகும் கோத்தகிரிச் சாலை 1870களில் மேட்டுப்பாளையத்திலிருந்து போட்டது; ஆனால் அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. இன்றைக்கும் குன்னூர் வழி தேசிய நெடுஞ்சாலை. இதுவோ ஈரோட்டிலிருந்து கோபி, சத்தியமங்கலம் வழியாக வரும் 15ஆம் எண் மாநில நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. ஆனாலும் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் எல்லோரும் இங்கேதான் ஓடி வருகிறார்கள். பிழைத்துப்போகட்டும்.

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைத் தாண்டியதும் சாலை பிரியும். வனக் கல்லூரியைக் கடந்தால் சிறிது நேரத்தில் ஏற்றம். கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அதற்குள் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டரில் இருக்கும் நம் ஊரிலிருந்து 1,800 மீட்டர் வரை ஏறிவிடுகிறாய். ஆனால் அந்த ஏற்றம் தெரியாது. குன்னூர்ச் சாலை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும். இது மலையின் விலாவை ஒட்டி நிதானமாக ஏறும், சமவெளி நெடுநேரம் கண்ணைவிட்டுப் போகாது. குஞ்சப்பனை வரை காடு, மேலே போகப்போகத் தேயிலை. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கே வந்துவிடும். ஜூன், ஜூலையில் வருபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அரவேனுவிலிருந்து ஓர் அருவிக்குப் போகலாம். பலகையில் கேத்தரின் நீர்வீழ்ச்சி என்றிருக்கும். அந்தப் பகுதியில் காப்பி பயிரிட்ட காக்பர்ன் துரையின் மனைவி பெயர். படகர்கள் அதை கெத்தேஹாடா ஹள்ளா என்கிறார்கள். பழைய பெயரையும் பலகையில் எழுதினால் யாருக்கு என்ன நட்டம்?

கோத்தகிரிக்கு மேலே கட்டபெட்டு, பிறகு தொட்டபெட்டா பிரிவு, ஊட்டி. அந்தப் பகுதியும் நன்றாகவே இருக்கும், ஆனால் நான் உனக்குக் காட்ட விரும்புவது கீழ்ப்பாதி.

ஆகவே மே மாதத்தை விட்டுவிடு. தை மாதம் வா. தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் பெரும்பாலும் மறைத்துவிடுவதால், கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கண்டம். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகள் உனக்கு நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் யார் அழைத்தாலும் வராதே, நான் அழைத்தாலும். தையில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். குளிர் இருக்கும், கம்பளி கொண்டு வா.

மாப்பிள்ளை காரில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டு விஷயம் சொல். 2024 மே முதல் நீலகிரிக்கு வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். முன்னதாகப் பதிவு செய்துகொள்ளட்டும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்கட்டும். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள். அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எல்லா மலைச் சாலையிலும் பலகை வைத்திருக்கிறார்கள், படிப்பவர்தான் குறைவு.

என்னைக் கேட்டால் கார் வேண்டாம். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து காலையில் இறங்கு. வீட்டில் குளித்து, சாப்பிட்டுவிட்டு அரசு பஸ்ஸில் போவோம். பஸ்ஸுக்கு இ-பாஸ் தொல்லையும் இல்லை. டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. இரண்டு அறை ஒழித்து வைக்கக் கமலாவுக்கு ஒரு வாரமாவது வேண்டுமாம்.

அன்புடன்,
ராமசாமி