எங்களையும் உள்ளே கூப்பிடுங்கள்

குழந்தைகளுக்குப் பிசியோதெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி தருகிறவர்களுக்கும், அந்த மையங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் மகனுக்கு எட்டு வயது. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை. வாக்கரைப் பிடித்து நடப்பான். கொஞ்சம் தூரம் என்றால் சக்கர நாற்காலி. பேச்சு ஏழெட்டுச் சொற்களோடு நின்றிருக்கிறது, ஆனால் நாம் பேசுவது எல்லாம் அவனுக்குப் புரியும். ஒன்றரை வயதிலிருந்து தெரபிக்குக் கூட்டிப் போகிறேன். முதல் நான்கு வருடம் நான் தெரபி அறைக்குள் போனதே இல்லை. வாசல் நாற்காலிதான் என் இடம்.

"நீங்க உள்ள இருந்தா உங்களையே பார்த்து அழுவான்மா, ஒத்துழைக்க மாட்டான்" என்றார்கள். சரி என்று வெளியே உட்கார்ந்தேன். 45 நிமிடம். உள்ளே அவன் அழுவது கேட்கும். சில நாள் அழுகை சட்டென்று நின்றுவிடும். எனக்கு அதுதான் இன்னும் கஷ்டம். அப்புறம் கதவு திறக்கும். "இன்னிக்கு நல்லா பண்ணினான்." அவ்வளவுதான். என்ன பண்ணினான், எதற்கு அழுதான், வீட்டில் நான் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கேட்பதற்குள் அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

உங்கள் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாளில் எத்தனை குழந்தைகளைத் தூக்கி இறக்குகிறீர்கள், மாலையில் உங்கள் முதுகு என்ன பாடுபடும் என்பதை வாசலில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கணக்கை யோசியுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். இரண்டு செஷன் என்றால் உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மணி. மிச்ச நேரமெல்லாம் அவனைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, தூக்கி உட்கார வைப்பது நாங்கள். அந்த ஒன்றரை மணியில் நடப்பது எங்களுக்குத் தெரியாவிட்டால், மிச்ச நேரத்தில் அதையே தெரியாமல் கெடுத்துக்கொண்டிருப்போம்.

எனக்கு இது புரிந்தது ஒரு சட்டைப் பொத்தானால். அவனுக்கு ஐந்தரை வயது இருக்கும்போது புதிதாக வந்த ஒரு தெரபிஸ்ட் என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில எழுந்ததுல இருந்து ஸ்கூலுக்குக் கிளம்புற வரைக்கும் என்னென்ன நடக்குதுன்னு சொல்லுங்க." சொன்னேன். சட்டை போடும் நேரத்தில்தான் தினமும் அழுகை, தானே போட வேண்டும் என்று கையைத் தட்டிவிடுகிறான், முடியவும் இல்லை என்றேன். "எங்க உட்கார வெச்சு போடுவீங்க?" கட்டில் ஓரத்தில். "கால் தரையில படுமா?" படாது.

அவர் என் மகனை முதுகு சாய்கிற நாற்காலியில் இடுப்பை நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார வைத்தார். பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி. "இவ்வளவு நாளா விழாம உட்கார்றதுக்கே ரெண்டு கையும் தேவைப்பட்டிருக்கு, பொத்தானுக்குக் கை ஏது?" என்றார். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற அடிப் பொத்தானை எடுத்து, பாதி நுழைத்துவிட்டு, இழுக்கும் வேலையை மட்டும் அவனிடம் விட்டார். கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுப்பது. ஒவ்வொரு நாளும் தானே முடித்தோம் என்ற நிறைவோடு அவனுக்கு அது முடியும். அந்த ஒரு பொத்தானுக்கு மூன்று மாதம் பிடித்தது. இன்றைக்கு ஐந்தில் கீழே இருக்கும் மூன்றை அவனே போடுகிறான். மேலே இருப்பதற்கு முகவாயைத் தூக்கி என்னைப் பார்ப்பான்.

இத்தனை வருடம் அந்தக் கட்டில் ஓரத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, அது தெரபி சம்பந்தப்பட்ட விஷயம் என்றே தெரியாது.

உங்கள் துறை இதைத்தான் சொல்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கை கால்களை இன்னொருவர் பிடித்து நீட்டி மடக்குவதைவிட, குழந்தை தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் தானே முயன்று, அது நடக்கும் இடத்திலேயே பழகுவது பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் சேர்ந்திருக்கிறது. 2012-இல் பீட்டர் ரோசன்பாம், யான் வில்லெம் கோர்ட்டர் என்ற இரு மருத்துவர்கள் இந்தக் குழந்தைகளைப் பற்றி யோசிக்க ஆறு சொற்களைத் தந்தார்கள்: செயல்பாடு, குடும்பம், உடல் தெம்பு, குதூகலம், நண்பர்கள், எதிர்காலம். நாங்கள் வாங்கிய ரிப்போர்ட்டுகளில் இந்த ஆறில் ஒன்றுகூட இருந்ததில்லை. தசை இறுக்கமும் மூட்டு மடங்கும் அளவும்தான் இருந்தன. அவையும் வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை.

வீட்டுப் பயிற்சித் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முறை பன்னிரண்டு பயிற்சிகள், ஒவ்வொன்றும் பத்து தடவை, தினமும் இரண்டு வேளை என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று நாள் செய்தேன். நாலாவது நாள் அவன் என்னைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டான். அடுத்த செஷனில் "பண்ணீங்களா?" என்று கேட்டபோது தலையைக் குனிந்தேன். பல் தேய்க்கும்போது கைப்பிடியைப் பிடித்து நிற்கட்டும் என்று ஒன்றே ஒன்று சொல்லியிருந்தால் வருடக்கணக்கில் செய்திருப்பேன்.

இன்னொன்று, உண்மையைச் சொல்லுங்கள். உட்காருவது, நடப்பது போன்ற பெரிய அசைவுகளை வைத்து இந்தக் குழந்தைகளை ஐந்து நிலையாகப் பிரிக்கும் முறை 1997 முதல் இருக்கிறது. என் மகன் மூன்றாம் நிலை, அதாவது வாக்கர் போன்ற ஒன்றைக் கையில் பிடித்து நடக்கிற நிலை என்பது அவனுடைய ஆறாவது வயதில்தான் எனக்குத் தெரியும். அதுவரை "தெரபியை விடாம பண்ணுங்க, நடந்துடுவான்" என்பதை நம்பி, சக்கர நாற்காலி வாங்குவதைத் தோல்வி என்று நினைத்து இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வருடமும் மற்ற குழந்தைகள் விளையாடுவதை அவன் என் இடுப்பில் இருந்தபடியே பார்த்தான். கேட்டால் மனசு உடைந்துவிடும் என்று எங்களிடம் மறைக்காதீர்கள். நாங்கள் அழுதுவிட்டு மறுநாள் வேலையைப் பார்ப்போம்.

பேச முடியாததைப் படத்தைக் காட்டிச் சொல்ல உதவும் பட அட்டையும் அப்படித்தான். அதைப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று எங்களைப் பயமுறுத்தினார்கள். படமோ கருவியோ கொடுப்பது பேச்சைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவனுக்கு ஆறரை வயதில்தான் படப் பலகை கிடைத்தது. ஒரு செஷனில் தெரபிஸ்ட் அவன் தொடையைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தபோது, அவன் பலகையைத் தேடி, "நிறுத்து" என்ற படத்தில் விரலை வைத்தான். அந்த தெரபிஸ்ட் உடனே நிறுத்தினார். அவன் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்கு முன்னால் அந்த அறைகளில் அவன் வேண்டாம் என்று சொல்லி யாரும் நிறுத்தியதில்லை. அன்றைக்கு நான் உள்ளே இருந்தேன்.

மையங்களை நடத்துகிறவர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். செஷனில் கடைசிப் பத்து நிமிடத்தை எங்களோடு பேசுவதற்கு ஒதுக்குங்கள். அதைச் சிகிச்சை நேரமாகவே கணக்கில் வையுங்கள், தெரபிஸ்ட்டின் ஓய்வில் கழிக்காதீர்கள். ஒரே குழந்தையைப் பார்க்கும் மூன்று பேரும் மாதம் ஒரு தடவையாவது சேர்ந்து உட்காருங்கள். கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கப் போடும் ஸ்பிளிண்டை ராத்திரி முழுக்கப் போடு என்று ஒருவரும், போடவே வேண்டாம் என்று இன்னொருவரும் சொன்னால் நான் யார் பேச்சைக் கேட்பது? 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26-ஆவது பிரிவு, பல துறையினரும் சேர்ந்து ஒருவரின் தேவையையும் பலத்தையும் மதிப்பிட்டு, முடிந்தவரை சீக்கிரமே இந்தச் சேவைகளைத் தொடங்க வேண்டும் என்கிறது. பலம் என்ற சொல்லும் அதில் இருக்கிறது.

அடுத்த வாரம் என் மகனுக்கு மறுமதிப்பீடு. இலக்கு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இந்தத் தடவை அவனையே கேட்டேன். பலகையில் "பந்து" என்று காட்டினான், அப்புறம் "அக்கா", அப்புறம் தன் காலைத் தொட்டான். வாக்கரைப் பிடித்து நின்றபடியே அக்காவுக்குப் பந்தை உதைக்க வேண்டுமாம். அதையே எழுதிக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஒரு தாய்