மே மாசம் சம்பளம் இல்லாத வாத்தியார்கள் பத்தி எம்எல்ஏக்களுக்கு ஒரு மடல்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டு பக்கத்துக்கும் சேத்துதான் எழுதுறேன். ஏன்னா எங்க வேலைய உண்டாக்குனது ஒரு கட்சி ஆட்சி, நிரந்தரம் பண்றோம்னு தேர்தல் அறிக்கையில அச்சடிச்சு குடுத்தது இன்னொரு கட்சி.

நான் விழுப்புரம் மாவட்டத்துல ஒரு அரசுப் பள்ளியில ஓவிய ஆசிரியர், பகுதி நேரம். 2012 மார்ச்ல சேந்தப்ப எனக்கு 33 வயசு, இப்போ 46. இத எழுதுறது 2025 மே கடைசி வாரம், ஜூன் 2 ஸ்கூல் தொறக்குது. மே மாசம் எங்களுக்கு சம்பளம் கிடையாது. லீவு எல்லா வாத்தியாருக்கும்தான் விடுறாங்க, ஆனா நிரந்தர வாத்தியாருக்கு சம்பளம் வரும், எங்களுக்கு நின்னுடும். பதிமூணு வருஷமா நான் மே மாசத்துல வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கப் போறேன், அந்த வேலை கேவலம்னு சொல்லல, அதுதான் என் பிள்ளைங்களுக்கு நோட்டு வாங்கிக் குடுக்குது.

கதை தெரியாதவங்க இருக்கலாம், அதனால சுருக்கமா சொல்லிடுறேன். 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே இருக்கு, ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் நூறு பிள்ளைங்களுக்கு மேல படிக்கிற பள்ளியில ஓவியம் மாதிரி கலைக்கும், உடற்கல்விக்கும், தொழில்கல்விக்கும் பகுதிநேர பயிற்றுநர் இருக்கணும்னு. அதுக்காகத்தான் 2011 நவம்பர்ல அரசாணை 177 வந்துச்சு. மொத்தம் 16,549 பேர், ஓவியம், உடற்கல்வி, கம்ப்யூட்டர், தையல், இசை, தோட்டக்கலைன்னு. மாவட்டத்துல இன்டர்வியூ வச்சு, சர்டிபிகேட் எல்லாம் சரிபாத்துதான் எடுத்தாங்க, பின்வாசல் வழியா நாங்க உள்ள வரல. வாரத்துக்கு மூணு அரை நாள், மாசம் 5,000 ரூபா. அப்புறம் 7,000, 7,700, 2021ல 10,000, 2024 ஜனவரிலேர்ந்து 12,500. பிஎஃப் கிடையாது, பென்ஷன் கிடையாது, செத்துப்போனா குடும்பத்துக்கு வாரிசு வேலையும் கிடையாது. இப்போ சுமார் 12,000 பேர்தான் மிச்சம். மத்தவங்க வயசாகிப் போனாங்க, வேற வேலைக்குப் போனாங்க, இறந்தும் போயிட்டாங்க.

மூணு அரை நாள்னு காயிதத்துல இருக்கு. ஸ்கூல்ல அது நடக்காதுங்க. கலைத்திருவிழா வந்துட்டா ஒரு மாசம் முழுக்க காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருப்பேன், பிள்ளைங்கள வட்டாரப் போட்டிக்கு கூட்டிட்டுப் போறது, திரும்ப வீட்ல கொண்டு விடறது வரைக்கும். கம்ப்யூட்டர் டீச்சருக்கு பிள்ளைங்க விவரத்தையெல்லாம் எமிஸ்ங்கற ஆன்லைன் பதிவுல ஏத்துற வேலை அரை நாள்ல முடியுமா? உடற்கல்வி சார் இல்லாத அன்னிக்கு கிரவுண்ட்ல ஒரு பையன் கை ஒடச்சுக்கிட்டா யாரக் கேப்பீங்க? என் ஸ்கூல் செவுத்துல இருக்கற உலக மேப், இந்தியா மேப், உயிரெழுத்து, மனுச உடம்போட படம் எல்லாமே நான் வரைஞ்சது, சனிக்கிழமைல வந்து வரைஞ்சது. யாரும் கட்டாயப்படுத்தல. பிள்ளைங்க தினமும் அது முன்னாடி நின்னு எங்க ஊரு எங்கன்னு தேடுறாங்க, அது போதும்னு வரைஞ்சேன்.

போன வருஷம் நடந்த ஒண்ணு சொல்லணும். என் பொண்ணு காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் வாங்க விஏஓ ஆபீஸ் போனேன். உள்ள உக்காந்திருந்த தம்பி எந்திரிச்சு நின்னுட்டான். 2012ல நான் சேந்தப்ப ஆறாங்கிளாஸ் படிச்ச பையன், என்கிட்டதான் பென்சில் புடிக்கக் கத்துக்கிட்டான், குரூப் ஃபோர் எழுதி விஏஓவா வந்திருக்கான். சேர் எடுத்துப் போட்டு "சார், ஆண்டு வருமானம் எவ்ளோன்னு போடட்டும்"னு கேட்டான். பன்னெண்டாயிரத்து ஐநூற பதினோரு மாசத்தால பெருக்கி, ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐநூறுன்னு சொன்னேன். அவன் கீபோர்ட்ல கைய வச்சுட்டு கொஞ்ச நேரம் டைப் பண்ணவே இல்ல. நீங்க கவர்மெண்ட் டீச்சர்தானே சார்னு மெதுவா கேட்டான். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. இன்னிக்கும் தெரியல.

திமுகவோட 2021 தேர்தல் அறிக்கையில 181வது வாக்குறுதி எங்களப் பத்தினது, பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் செய்யப்படுவாங்கன்னு. நம்பினோம். அதுக்கப்புறம் சென்னை கல்லூரி சாலையில இருக்கற பள்ளிக்கல்வி வளாகத்துல எத்தன தடவ உக்காந்தோம், எத்தன தடவ போலீஸ் வண்டியில ஏத்தி கல்யாண மண்டபத்துல வச்சிருந்தாங்கன்னு எண்ணிப் பாக்கறத விட்டுட்டோம். கைக்குழந்தையோட வந்த தையல் டீச்சருங்க எல்லாம் வெயில்ல உக்காந்திருந்தாங்க. சம்பளம் கூட்டினீங்க, 2,500 ரூபா, வாங்கிக்கிட்டோம், நன்றி. ஆனா நாங்க கேட்டது அது இல்ல.

கோர்ட் தீர்ப்பு தடுக்குதுன்னு அதிகாரிங்க சொல்வாங்க. எந்த தீர்ப்புன்னு நாங்களும் படிச்சுட்டோம். உமாதேவி வழக்கு, 2006 ஏப்ரல் 10, சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி அமர்வு, தற்காலிகமா எடுத்தவங்கள பின்வாசல் வழியா நிரந்தரம் பண்ணக் கூடாதுன்னு. சரி. அதே வருஷம் ஜூன் 1லேர்ந்துதான், அதாவது ரெண்டு மாசம் கூட ஆகல, தொகுப்பூதியத்துல, அதாவது மாசத்துக்கு இவ்ளோன்னு ஒரே தொகையில எடுத்திருந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள கலைஞர் அரசு காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தர ஆசிரியர் சம்பளத்துக்குக் கொண்டுவந்துச்சு. அந்த வாத்தியாருங்க பல பேர் இன்னிக்கு எங்க ஸ்கூலுங்கள்ல ஹெச்எம்மா இருக்காங்க. தீர்ப்பு வந்த சூட்டோட செய்ய முடிஞ்சத இப்போ செய்ய முடியாதா? அவங்கள எடுத்த விதம் வேற, உங்கள எடுத்த விதம் வேறன்னு சொல்லலாம், நான் மறுக்கல, ஆனா மனசு இருந்தப்ப அரசாணை வந்துச்சுங்கறதுதான் நான் சொல்ல வர்றது.

இன்னொண்ணும் இருக்கு. 2024 டிசம்பர் 20 சுப்ரீம் கோர்ட் ஜக்கோ வழக்குல ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. ஃபரிதாபாத்ல மத்திய நீர் ஆணைய ஆபீஸ்ல பெருக்குறவங்க, தோட்ட வேலை பாக்குறவங்க, அதுல ஒரு அம்மா 1993லேர்ந்து வேலை பாத்தவங்க, 2018ல ஒரே நாள்ல நிறுத்திட்டாங்க. அவங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லிடுச்சு கோர்ட். வருஷக் கணக்கா நடக்குற, அந்த ஆபீஸுக்கே அவசியமான வேலைய தற்காலிகம்னு பேர் வச்சு வாங்கக் கூடாது, உமாதேவி தீர்ப்ப இவங்களுக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாதுங்கறதுதான் அதோட சாரம். ஓவிய வாத்தியாருக்கும் அது பொருந்தாதான்னு உங்க சட்டத்துறையக் கேளுங்க.

அனுமதிக்கப்பட்ட பணியிடம் இல்லையேன்னு அடுத்த பதில் வரும். பணியிடத்த அனுமதிக்கறது அரசாங்கம், அதுக்கு பணம் ஒதுக்கறது நீங்க. 2017ல ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) 1,325 சிறப்பாசிரியர் பணியிடத்துக்கு தேர்வு வச்சுது, ஓவியம், தையல், இசை, உடற்கல்வின்னு எங்க பாடங்கள்தான். அப்போ பணியிடம் உண்டாக்க முடியும்தானே. பள்ளிக்கல்விக்கு டெல்லிலேர்ந்து வரவேண்டிய 2,152 கோடி வரல, புதிய கல்விக் கொள்கைய ஏத்துக்கற பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலன்னு நிறுத்திட்டாங்க, அது உண்மை, அந்த சண்டையில நாங்க தமிழ்நாடு பக்கம்தான். ஆனா எங்க பதிமூணு வருஷத்துல அந்த பணம் ஒழுங்கா வந்த வருஷங்களும் இருந்துச்சு, அப்பவும் எங்கள நிரந்தரம் பண்ணலயே. 12,000 பேருக்கு ஒரு மே மாச சம்பளம் 15 கோடி. முதல்ல அதையாவது இந்த வருஷமே குடுங்க. அப்புறம் சிறப்பாசிரியர் பணியிடம் காலியாகறப்ப எங்க சர்வீஸ கணக்குல எடுத்து, வயசு ஏறுனவங்க முன்னாடி வர்ற மாதிரி, வருஷத்துக்கு இத்தன பேர்னு சொல்லி எங்கள காலமுறை ஊதியத்துக்கு ஏத்துங்க. ஒரே நாள்ல எல்லாருக்கும் பண்ண முடியாதுன்னா எத்தன வருஷத்துலன்னு சொல்லுங்க, காத்திருக்கறது எங்களுக்குப் பழக்கம்தான், ஆனா எதுவரைக்கும்னு தெரியாமக் காத்திருக்க இனிமே வயசு இல்ல.

உங்க தொகுதியில இருக்கற அரசுப் பள்ளிக்கு ஜூன்ல ஒரு நாள் போங்க. ஓவிய டீச்சர் யாரு, தையல் டீச்சர் யாருன்னு பிள்ளைங்கள்ட்ட கேளுங்க, பேரு சொல்லும். அந்த பேர எழுதிக்கிட்டு வாங்க. அடுத்த கூட்டத்தொடர்ல கேள்வி நேரத்துல எந்திரிச்சு, இவங்கள எந்த தேதியில நிரந்தரம் பண்ணப் போறீங்கன்னு கேளுங்க. பரிசீலனையில இருக்குன்னு பதில் வந்தா உக்காந்துடாதீங்க, தேதிய வாங்கிட்டு உக்காருங்க.

இப்படிக்கு,
ஒரு பகுதிநேர ஓவிய ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்