புரோப்பைச் சோதிக்காமல் ஸ்கேன் மெஷின் வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்ன ஊர்களில் ஒற்றை மருத்துவர் நடத்தும் கிளினிக்குகள்கூட இப்போது பத்துப் பதினைந்து லட்சம் கடன் வாங்கி, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின் போடுகின்றன. இந்த விலையில் கிடைக்கும் மெஷின்கள் பெரும்பாலும் அந்தக் கிளினிக்கின் தேவைக்குப் போதுமானவைதான். கொட்டேஷனில் எழுதாமல் விட்ட வரிகளால்தான் பிறகு பணம் கரைகிறது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சட்டத்தைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரேயைப் போலக் கதிர்வீச்சு இல்லாததால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இதற்குத் தேவையில்லை. ஆனால் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டப்படி பதிவு பெறாத இடத்துக்கு மெஷினை விற்பதும், வாடகைக்குத் தருவதும், பயன்படுத்தக் கொடுப்பதும் குற்றம். ஃபார்ம் ஏ விண்ணப்பத்தோடு ஸ்கேன் மையத்துக்கு 25,000 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும். ஃபார்ம் பி எனும் பதிவுச் சான்றிதழ் 5 ஆண்டு செல்லும். விண்ணப்பத்தில் கருவியின் விவரமும் கேட்பார்கள். எனவே மாடலை முடிவு செய்து, பணம் கட்டாமல், கொட்டேஷனோடு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போவதே சரியான வரிசை. முதலில் கடனை வாங்கிவிட்டால், மெஷின் பெட்டியில் கிடக்கும்போதே தவணை ஓடத் தொடங்கிவிடும். ஏற்கெனவே பதிவுள்ள கிளினிக் மெஷினை மாற்றுவதானால் 30 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கும் எழுத்துப்பூர்வமான தகவல் அவசியம். கையடக்க மெஷினை எங்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தப்படி பதிவு பெற்ற வளாகத்தின் உள்நோயாளிகளுக்கும் நடமாடும் மருத்துவ வாகனத்திலும்தான் அதைப் பயன்படுத்தலாம்.

இனி மெஷினுக்கு வருவோம். பெரிய திரையும் 4டி படமும் கண்ணை இழுக்கும். படத்தின் தரமோ, உடலில் வைத்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கைக்கருவியான புரோப்பில்தான் தொடங்குகிறது. வயிறு, கர்ப்பம் பார்க்க 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள, வளைந்த முகப்பு கொண்ட கான்வெக்ஸ்; தைராய்டு, மார்பகம், ரத்தக்குழாய்க்கு 5 முதல் 12 வரையான, தட்டை முகப்பு கொண்ட லீனியர்; மகப்பேறு கிளினிக்கானால் பிறப்புறுப்பு வழியே பார்க்கும் டிவிஎஸ் ஒன்று என மூன்று போதும். உடலுக்குள் ஒலி ஒரு சென்டிமீட்டருக்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் சுமார் அரை டெசிபல் வீதம் வலு இழக்கிறது. 15 செ.மீ. ஆழத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 50 டெசிபலுக்கு மேல் இழந்துவிடும். 10 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 150. ஒரே புரோப்பில் எல்லாம் பார்த்துவிடலாம் என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கே பதில். மூன்று புரோப்பும் ஒரே நேரத்தில் செருகியிருக்க மூன்று போர்ட் கேளுங்கள். தினமும் கழற்றி மாட்டினால் பின்கள் வளையும்.

டெமோவுக்கு ஒல்லியான ஆளைப் படுக்க வைப்பது வழக்கம். அதில் எந்த மெஷினும் அழகாகத்தான் தெரியும். உடல் பருமனான ஒருவரைப் படுக்கவைத்து, ஆழத்தை 16, 18 செ.மீ.க்கு ஏற்றி, கல்லீரலின் பின்பகுதியும் உதரவிதானமும் தெளிகின்றனவா என்று பாருங்கள். சிறுநீரகத்தின் ஓரத்திலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களில் கலர் நிரம்புகிறதா, திரையில் நிறம் காட்டும் பகுதியான கலர் பெட்டியை அகலமாக்கினால் படம் இழுத்து இழுத்து ஓடுகிறதா என்பதே டாப்ளருக்கான உண்மையான சோதனை. படத்தை வழவழப்பாக்கும் வசதிகளை ஒருமுறை அணைத்துப் பார்ப்பதும் முக்கியம். பல கோணப் படங்களைச் சேர்க்கும் காம்பவுண்டிங் வசதி, பித்தப்பைக் கல்லுக்குப் பின்னால் விழும் நிழலை மங்கவைக்கும். நோயைக் காட்டுவதே அந்த நிழல்தான். அந்த வசதியை ஒரே பொத்தானில் அணைக்க முடியாத மெஷினை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

புதியதோ பழையதோ, புரோப்பைக் கையில் வாங்கும்போதே சோதிக்கலாம். ஜெல் இல்லாமல் காற்றில் பிடித்தால் திரையின் மேற்பகுதியில் ஒரே சீரான வெள்ளைப் பட்டைகள் தெரிய வேண்டும். நடுவே மேலிருந்து கீழாகக் கருப்புக் கோடு இருந்தால் அங்கே ஒலியை உண்டாக்கும் கிரிஸ்டல் செத்திருக்கிறது. பிறகு கொஞ்சம் ஜெல் தடவி, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பின் கம்பியை முகப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக நகர்த்துங்கள். கூடவே நகரும் வெளிச்சம் எங்கே மங்குகிறதோ அங்கே பழுது. காம்பவுண்டிங்கை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் பழுது மறைந்துகொள்ளும். முதல் நாள் படத்தைச் சேமித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

புரோப் ஒன்றின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். அது சாவதற்குக் காரணங்கள் மிகச் சாதாரணமானவை: கை தவறி விழுவது, வண்டிச் சக்கரம் கேபிள் மேல் ஏறுவது, ராத்திரி ஜெல்லைத் துடைக்காமல் விடுவது, நிறுவனம் அனுமதிக்காத ஸ்பிரிட்டால் துடைப்பது, எலி. முகப்பில் கீறல் விழுந்த டிவிஎஸ் புரோப்பை அந்த நிமிடமே ஒதுக்கிவிட வேண்டும். ஈரம் உள்ளே இறங்கினால் மின்கசிவு நோயாளியின் உடலில் பாயும்.

இதனால்தான் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்கிறோம். ஏஎம்சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் ஆள்கூலி மட்டும். உதிரிபாகமும் சேர்ந்த முழுப் பராமரிப்பு ஒப்பந்தம் சிஎம்சி. அதிலும் 'புரோப் நீங்கலாக' என்று சின்ன எழுத்தில் இருக்கும். டெமோவில் ஓடிய மென்பொருள் வசதிகள் தற்காலிக உரிமத்தில் வந்து சில மாதங்களில் பூட்டிக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு வசதிக்கும் 'நிரந்தர உரிமம்' என்று எழுதி வாங்குங்கள். வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடக்கூடாது, மெஷினை நிறுவிய நாளிலிருந்து ஓட வேண்டும். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் கட்டிய வரி உள்ளீட்டு வரவாகத் திரும்பாது. வரியைச் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். பழுதானால் மாற்று மெஷின் தருகிறோம் என்ற வாக்குறுதி சட்டத்துக்கு முன் நிற்காது. அந்த மெஷினையும் முன்கூட்டியே பதிவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதைவிட, எத்தனை மணி நேரத்தில் இன்ஜினியர் வருவார், எந்த ஊரிலிருந்து வருவார் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

மின்சாரத்துக்கு 2 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ்ஸும் தனி எர்த்தும் வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே மெஷினை இறக்குங்கள். டாப்ளரில் கோடு கோடாக இரைச்சல் வந்தால் முதலில் எர்த்தையும் அதே லைனில் உள்ள ஏசியையும் பாருங்கள்.

விற்பனை நிறுவனங்களுக்கும் மருத்துவர் சங்கங்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. புரோப்பின் வரிசை எண், அதற்கான தனி வாரண்டி, மென்பொருள் உரிமத்தின் காலம், ஐந்தாம் ஆண்டு சிஎம்சி தொகை ஆகிய நான்கையும் அச்சிட்ட பொதுவான கொட்டேஷன் படிவம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். அதுவரை வாங்குபவர்கள், மூன்று புரோப்பும் சோதனையில் தேறும்வரை விலையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைக்கும்படி ஆர்டரிலேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பராமரிப்புப் பணியாளர்கள்,
திருச்சி.