ஸ்டாஃபோர்டை இனியும் பிடித்து வைக்காதீர்கள்: லயன்ஸ் உரிமையாளருக்கு ஒரு திறந்த மடல்

நோவி, மிச்சிகன்
2021 ஜனவரி 22

மதிப்பிற்குரிய ஷீலா ஃபோர்டு ஹாம்ப் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று டெட்ராய்ட் லயன்ஸ் என்னும் உங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணியின் புதிய கோச் டான் கேம்பல் பேசியதைச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். நம்மைக் கீழே தள்ளினால், எழும்போது எதிராளியின் முழங்காலைக் கடித்துக்கொண்டாவது எழுவோம் என்கிற மாதிரி பேசினார். டெட்ராய்ட் முழுக்க இன்று அதே பேச்சு. எனக்கும் அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் காத்திருந்தது வேறொன்றுக்கு. நம் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற மேத்யூ ஸ்டாஃபோர்டு இருக்கிறாரா, போகிறாரா? நேரான பதில் வரவில்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய இடத்தில் கடைசியில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். அவரை விட்டுவிடுங்கள். ஜெயிக்கத் தயாராக இருக்கிற ஓர் அணிக்கு, உரிய விலை வாங்கிக்கொண்டு, அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பி வையுங்கள்.

அவரை வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். ஒன்பதாம் எண் சட்டை என் அலமாரியில் இருக்கிறது, என் மகனுடையதிலும் இருக்கிறது. நான் கோயம்புத்தூர்க்காரன். 2009 ஆகஸ்டில் இங்கே வந்தேன். ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் மனு கொடுத்த வருஷம் அது. வேலைக்குப் போனால் தினமும் ஒரு மேசை காலியாக இருக்கும். முந்தைய வருஷம் லயன்ஸ் பதினாறு ஆட்டத்தில் பதினாறும் தோற்றிருந்தது. டிராஃப்ட் என்பது அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது, கடைசியில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. அந்தத் தோல்வியின் பலனாகக் கிடைத்த அந்த முதல் வாய்ப்பில்தான் 21 வயது ஸ்டாஃபோர்டை எடுத்தீர்கள். ஊரும் அணியும் ஒரே நேரத்தில் தரை தட்டியிருந்த காலத்தில் அவரும் வந்தார், நானும் வந்தேன்.

அந்த நவம்பர் 22ஆம் தேதி, எங்கள் ஷாப் ஃப்ளோரில் டை ஃபிட்டராக இருந்த பெரியவர் ஒருவர், தன்னிடம் மிச்சமிருந்த டிக்கெட்டைக் கொடுத்து என்னை லயன்ஸின் மைதானமான ஃபோர்டு ஃபீல்டுக்குக் கூட்டிப் போனார். கிளீவ்லாந்துடன் ஆட்டம். எனக்கு விதி எதுவும் தெரியாது. 37-31 என்று பின்தங்கியிருந்தோம், கடைசி நொடிகள். ஸ்டாஃபோர்டு பந்தை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடித் தப்பித்து, நீளமாக ஒன்று எறிந்தார். எறிந்த கையோடு ஒரு கனத்த ஆள் அவரைத் தரையில் அழுத்திவிட்டார். கடிகாரம் பூஜ்யம் காட்டியது. சரி, முடிந்தது என்று எழுந்தேன். பெரியவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். தடுப்பவர்கள் தவறு செய்திருக்கிறார்கள், ஆட்டம் அப்படி முடிய முடியாது, இன்னும் ஒரே ஒரு முறை உண்டு என்றார்.

பந்து எதிரணியின் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் இருந்தது. எறிய வேண்டியவரோ மைதான ஓரத்தில் மல்லாந்து கிடந்தார். இடது தோள் விலகிப் போயிருந்தது. மருத்துவர்கள் சுற்றி நின்றார்கள். அவருக்குப் பதில் டான்டே கல்பெப்பர் உள்ளே போய்விட்டார். அப்போது கிளீவ்லாந்து டைம் அவுட் கேட்டது. அந்த இடைவெளி கிடைத்ததால், வெளியே வந்தவர் திரும்பப் போகலாம் என்றானது. அந்தப் பையன் எழுந்தான். தடுத்தவர்களைத் தாண்டி ஓடினான். மேல் வரிசையிலிருந்து பார்த்தபோது அந்த இடது கை உடம்போடு ஒட்டாத மாதிரி இருந்தது. நம் வீரர் பெட்டிகுருவுக்கு ஒரு யார்டு பாஸ், டச் டவுன், ஆறு புள்ளி. கூடுதல் ஒரு புள்ளிக்கு ஜேசன் ஹான்சன் உதைத்ததும் 38-37. அன்று மட்டும் ஐந்து டச் டவுன் பாஸ். என் பக்கத்தில் அந்தப் பெரியவர் அழுதுகொண்டிருந்தார். அவர் அடுத்த மாதம் வேலை இழந்தார்.

நாலே நாள் கழித்து தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, ஒவ்வொரு வருஷமும் லயன்ஸ் ஆடுகிற நாள். கிரீன் பே அணிக்கு எதிராக அதே தோளோடு ஆட வந்தார். தோற்றோம். ஆனால் வந்தார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் மைதானத்தில் நடந்ததுதான். அந்த நாளில் அவர் கொடுத்ததற்கு, அடுத்த பதினோரு வருஷத்தில் அணி அவருக்கு என்ன கொடுத்தது என்று கேட்கத்தான் இதைச் சொல்கிறேன்.

2013 தேங்க்ஸ்கிவிங் அன்று நம் ரெஜி புஷ் பந்தோடு நூறு யார்டு தாண்டி ஓடினார். அடுத்து ஒரு லயன்ஸ் வீரர் ஓர் ஆட்டத்தில் நூறு யார்டு ஓடியது 2018 செப்டம்பரில், கெரியான் ஜான்சன். இடையில் எழுபது ஆட்டம். எழுபது ஆட்டத்திலும் எதிரணிக்குத் தெரியும், இவர்களால் ஓட முடியாது, எறிவது ஸ்டாஃபோர்டுதான், அவரை அடித்தால் போதும் என்று. அடித்தார்கள். அதை வைத்துக்கொண்டே 2016இல் எட்டு ஆட்டங்களைக் கடைசிக் கட்டத்தில் திருப்பிக் காட்டினார். ஒரே சீசனில் வேறு யாரும் அதுவரை அத்தனை முறை செய்ததில்லை. அந்த அளவு திருப்பியும் கிடைத்தது ஒன்பது வெற்றி, அப்புறம் சியாட்டிலில் 26-6 தோல்வி. பட்டத்துக்கான நாக் அவுட் ஆட்டங்களான பிளே ஆஃபுக்கு மூன்று முறை போனார், மூன்று முறையும் வெளியூர்தான், மூன்று முறையும் தோல்விதான். 2002இல் திறந்த ஃபோர்டு ஃபீல்டில் லயன்ஸ் இன்றுவரை ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2006இல் பட்டத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் அங்கே நடந்தது. ஆடியது பிட்ஸ்பர்க்கும் சியாட்டிலும்.

முடிந்துபோன சீசனில் எதிரணிகளுக்கு நாம் கொடுத்தது 519 புள்ளி. பதினாறும் தோற்ற 2008இல்கூட இவ்வளவு கொடுக்கவில்லை. குவாட்டர்பேக் என்ன செய்வார்? அவர் எறிந்து முடித்து உட்கார்ந்ததும் எதிரணி வந்து எடுத்துக்கொண்டு போகிறது.

இப்போது மறுபடி முதலிலிருந்து கட்டப் போகிறீர்கள். அது தவறில்லை. பழைய கோச் பட்ரீசியாவையும் ஜெனரல் மேனேஜர் குவின்னையும் நவம்பரில் நீக்கியது உங்கள் துணிச்சல், அதற்காக நன்றி சொல்கிறேன். கேம்பலுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம் கொடுத்திருக்கிறீர்கள். அதன் பொருள் எங்களுக்குப் புரிகிறது. இந்த வருஷமோ அடுத்த வருஷமோ ஜெயிக்கச் சொல்லி அவரை நீங்கள் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அந்த ஆறு வருஷம் முடியும்போது ஸ்டாஃபோர்டுக்கு 39 வயது.

அம்மா, நீங்கள் கார் செய்கிற குடும்பம். நானும் கார்ப் பட்டறையில் பிழைப்பவன்தான், அதனால் நம் மொழியிலேயே சொல்கிறேன். மாடல் மாறும்போது லைனை நிறுத்துவோம். பழைய டையை இறக்கி, புது ஃபிக்ஸ்சர் மாட்டி, ஒவ்வொரு போல்ட்டாகச் சரி பார்த்து, முதல் பாடி வெளியே வர மாதக்கணக்காகும். அந்த மாதங்களில் கைதேர்ந்த பிரஸ் ஆபரேட்டரை நின்றுபோன லைன் பக்கத்தில் சும்மா நிறுத்தி வைக்க மாட்டோம். ஓடுகிற லைனுக்கு அனுப்புவோம். அவர் கைக்கும் வேலை இருக்கும், அந்த லைனுக்கும் லாபம். இங்கேயோ நின்றுபோன லைனில் அவரை நிறுத்தி, மேலே இரும்பை விழ விட்டுக்கொண்டிருக்கிறோம். 2019இல் முதுகெலும்பில் முறிவு. தொடர்ந்து 136 ஆட்டம் விடாமல் தொடங்கி வந்தவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே, இவரும் போனால் யார் எறிவார்கள் என்று என் மகன் கேட்கிறான். அவனுக்குப் பத்து வயது. ஒன்பதாம் எண் இல்லாத லயன்ஸ் அவனுக்குத் தெரியாது. நியாயமான கேள்விதான். அவர் போனால் அடுத்த வருஷம் மூன்று ஆட்டம் ஜெயித்தாலே பெரிது. ஆனால் அவர் இருந்த கடைசி மூன்று சீசன்களில் கிடைத்தது ஆறு, மூன்று, ஐந்து. அவரை வைத்து ஆறும் ஏழும் ஜெயித்தால் டிராஃப்டில் நடுவில் நிற்போம், பிளே ஆஃபுக்கும் போக மாட்டோம். அவருக்கு ஈடாக டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வுகள் கிடைத்தால் புதிய ஜெனரல் மேனேஜர் பிராட் ஹோம்ஸுக்குக் கட்டுவதற்குக் கல்லாவது இருக்கும். இந்த ஏப்ரலில் நம் கையில் இருப்பது ஏழாவது தேர்வு. அது மட்டும் போதாது.

வயதாகிவிட்டது, யார் விலை கொடுப்பார்கள் என்கிறார்கள் சிலர். நாளை மறுநாள் சூப்பர் பௌலுக்கு யார் போவது என்று மோதுகிறவர்கள் 43 வயது டாம் பிரேடியும் 37 வயது ஆரன் ராட்ஜர்ஸும். ஸ்டாஃபோர்டுக்கு இன்னும் 33 ஆகவில்லை.

பயம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஓட்டக்காரர் பேரி சாண்டர்ஸ் 1999இல் வால்டர் பேட்டனின் மொத்த ஓட்ட யார்டுச் சாதனைக்கு 1,457 யார்டு மட்டுமே மிச்சம் இருக்கும்போது விலகிப் போனார். பந்து பிடிக்கும் நம் கால்வின் ஜான்சன் முப்பது வயதில் போனார். ஆடத் தெரியாமல் போனவர்கள் அல்ல இருவரும், தோற்றுத் தோற்று மனம் விட்டுப் போனவர்கள். போன பிறகு இருவரிடமும் ஒப்பந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது அணி. கால்வினிடம் வாங்கியது பத்து லட்சம் டாலருக்கும் மேல். ஒன்பது வருஷம் விரல் நொறுங்க, கணுக்கால் தேயப் பந்து பிடித்தவரிடம்! இந்த ஆண்டு ஹால் ஆஃப் ஃபேம் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. நாடே அவரைக் கொண்டாடப் போகிற நேரத்தில், அவருக்கும் அவரை வளர்த்த அணிக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை என்பது எங்களுக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? 1964 முதல் உங்கள் குடும்பத்தின் கையில் இந்த அணி இருக்கிறது. இத்தனை காலத்தில் பிளே ஆஃபில் ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம். இருந்தும் நாங்கள் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்குக்கும் டிவி முன்னால் உட்கார்கிறோம். எங்களிடம் யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன். நீங்கள் பொறுப்பேற்று ஏழு மாதம்தான் ஆகிறது. பழைய கணக்கையெல்லாம் உங்கள் தலையில் ஏற்றுவது சரியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றாவது ஆளையும் அதே மாதிரி இழக்காமல் இருப்பது இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. அவர் மனம் கசந்து போகும் முன்னால் நீங்களாகவே, மரியாதையோடு வழியனுப்பி வையுங்கள். விட்டுவிடுங்கள் அம்மா.

இன்னொன்றும் கேட்கிறேன். ஜனவரி 3ஆம் தேதி மின்னசோட்டாவுடன் கடைசி ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் எதுவும் மாறாத ஆட்டம். முந்தைய வாரம்தான் டாம்பாவுக்கு எதிராகக் கணுக்கால் போயிருந்தது. விலாவிலும் அடி, எறிகிற கையின் கட்டைவிரலிலும் அடி. ஆட வேண்டாம் என்று இருந்திருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆடினார். மூன்று டச் டவுன் எறிந்தார், 37-35 என்று தோற்றோம். முடிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு சுரங்க வழியை நோக்கி நடந்தார். கொரோனாவால் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அறுபத்தைந்தாயிரம் இருக்கையும் வெறுமனே கிடந்தன. பன்னிரண்டு சீசன், 45,109 யார்டு, 282 டச் டவுன். போகும்போது கைதட்ட ஆளில்லை.

அதுதான் அவருடைய கடைசி ஆட்டம் என்றால், மைதானம் மறுபடி திறக்கும் நாளில் அவரை ஒரு முறை அழைத்து வாருங்கள். எந்த அணியின் சட்டையில் வந்தாலும் பரவாயில்லை. டிக்கெட் என்ன விலை சொன்னாலும் என் மகனோடு வருகிறேன். 2009இல் என்னைக் கூட்டிப் போன பெரியவரையும் தேடிப் பிடித்து அழைத்து வருவேன்.

வருகிற பிப்ரவரி 7 ஸ்டாஃபோர்டின் பிறந்த நாள். டாம்பாவில் சூப்பர் பௌல் நடப்பதும் அன்றுதான். அன்று மாலையும் வழக்கம்போல வீட்டிலிருந்துதான் அவர் அதைப் பார்ப்பார். அடுத்த பிப்ரவரியில் அவர் அந்த மைதானத்துக்குள் நிற்க வழி செய்யுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோவியிலிருந்து ஒரு லயன்ஸ் ரசிகன்